அம்மா இடம் மாற்றிய ஏழு வில்லைகள்

என் அம்மா காவல்துறையின் ஏழு வில்லைகளைச் சுவரிலிருந்து கழற்றி வேறு இடங்களில் மாட்டினாள். ஐந்து வருடத்தில் ஏழு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவள் இறந்தபின், அதை ஒரு கைத்தவறு என்று எழுதிக்கொடுத்தால் அவளுக்கு நல்லது என்று என்னிடம் அன்பாகச் சொன்னார்கள். கைத்தவறு இல்லை. அவள் கையிலிருந்து தவறியது என்று நான் பார்த்தது இரண்டு தேநீர்க் குவளைகளை மட்டும்தான்.

ஊர் ரோந்துப் பிரிவில் அவள் இருபத்தாறு வருடம் வேலை செய்தாள். கடைசி ஒன்பது வருடம் தலைமைக் காவலர். ரோந்துக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் நிலையத்துக்குள் மனு வாங்கும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே போகிறேன் என்று கேட்டபோது அன்றைய அதிகாரி, "பொம்பளைக்கு எதுக்கும்மா ரோந்து?" என்றாராம்.

"ஊர்ல பாதிப்பேரு பொம்பளைங்க சார். அவங்களும் ரோட்லதான் நடக்குறாங்க."

ஒரு மாதம் பார்க்கலாம் என்று அனுப்பினார். அந்த ஒரு மாதம் முடியவேயில்லை.

கடைத்தெருவில் அவளுக்கு ரோந்தம்மா என்று பெயர். திருடனைப் பிடித்த கதை ஏதாவது சொல் என்று பள்ளிக்கூடத்தில் என் தோழிகள் கேட்பார்கள். அவள் துரத்திப் பிடித்த திருடன் ஒருவன்தான். அவனும் செருப்பு அறுந்து விழுந்ததால் மாட்டிக்கொண்டான். "நாங்க புடிக்கிறவங்க இல்லடி. கண்ணுல படுறவங்க. நாங்க போய் நின்னாலே பாதிச் சண்டை நின்னுடும். மீதிச் சண்டை மெதுவா நடக்கும்" என்பாள். பூட்டிய கடைகளின் ஷட்டரை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது. வழி தெரியாமல் நிற்கும் முதியவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது. வண்டி நிறுத்தும் தகராறில் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. இதுதான் வேலை. வண்டியின் பின்பக்கம் ஒரு கயிறு, முதலுதவிப் பெட்டி, பழைய படுக்கை விரிப்புகள் இரண்டு இருக்கும். விரிப்பு எதற்கு என்று சின்ன வயதில் கேட்டேன். "விபத்துல கெடக்குறவங்களச் சுத்தி நின்னு பாப்பாங்க. பாக்க விடக்கூடாதுல்ல" என்றாள்.

அவளை மூடியதும் அந்த விரிப்பில் ஒன்றுதான்.

வில்லை என்ன என்று சொல்ல வேண்டும். ரோந்து வண்டி தினமும் கட்டாயம் நின்று போக வேண்டிய இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். முன்பு ஒவ்வொரு பாயிண்டிலும் ஒரு நோட்டு தொங்கும். போகிற காவலர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாலு நாள் கையெழுத்தை ஒரே நாளில் போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருந்ததால், ஆறு வருடம் முன்பு நோட்டை எடுத்துவிட்டு வில்லை வைத்தார்கள். சட்டைப் பொத்தானைப் போல மூன்று மடங்கு, கறுப்பு, இரண்டு திருகாணி. காவலர் தன் கைக்கருவியை அதன்மேல் வைத்தால் ஒரு பீப் சத்தம் வரும். வில்லையின் எண்ணும் நேரமும் தலைமையகத்துக் கணினிக்குப் போய்விடும்.

ஊரில் இருபத்திரண்டு வில்லைகள். அவற்றில் ஒன்பது பெரிய மனிதர்களின் வாசலில் இருந்தன. மரக்கடை முதலாளி, சிமெண்ட் வியாபாரி, மனமகிழ் மன்றம், மூடிவிட்ட ஒரு வங்கிக் கிளை, பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்ட ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரின் பூட்டிய வீடு. யாரோ எப்போதோ யாருக்கோ சொல்லி வைத்த பாயிண்டுகள். தெரு விளக்கு எரியாத ஒரு சந்திலும் பாயிண்ட் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 8:52-க்கு, பள்ளிக்கூடச் சரிவின் வளைவில், பிரேக் பிடிக்காத மணல் லாரி ஒன்று இறங்கி வந்தது. சாலையைக் கடக்கப் பதிமூன்று பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அம்மா அவர்களைப் பின்னால் தள்ளினாள். இரண்டு பிள்ளைகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மாவைப் பற்றி இந்த இடத்தில் வேறு எதுவும் எழுதமாட்டேன்.

தலைமையகத்துக் கணினியில் அவளுடைய கடைசிப் பதிவு: பாயிண்ட் 14, காலை 8:51. பாயிண்ட் 14 என்பது மரக்கடை வாசல். வளைவிலிருந்து நான்கு புள்ளி மூன்று கிலோமீட்டர். இறப்பு அறிக்கையை நிரப்பிய எழுத்தர் இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் கவனித்தார். ஒரு நிமிடத்தில் அவ்வளவு தூரம் யாரும் வரமுடியாது. ஒன்று, அம்மா வளைவில் இறக்கவில்லை. அல்லது, பதிவு பொய்.

நிலையத்தின் முற்றத்தில் ஒரு கல் இருக்கிறது. பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கும். பொய்ப் பதிவு உள்ளவர்களின் பெயர் அதில் ஏறாது. அதுதான் விதி.

இருபதாவது நாள் விசாரணை அதிகாரி என்னை அழைத்தார். நடுத்தர வயது, இன்ஸ்பெக்டர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல்.

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் சார்."

"மரக்கடைக்குப் போய்ப் பாத்தோம். வில்லை அங்க இல்ல. வளைவுல வெளக்குக் கம்பத்துல இருக்கு. அதான் கணக்கு இடிக்குது." கண்ணாடியைத் துடைத்தார். "ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆரம்பத்துல மாட்டின காண்ட்ராக்டர் ஆளு எடம் தெரியாம மாட்டிட்டான்னு எழுதிடுவோம். அந்தக் கம்பெனியே இப்ப இல்ல, யாரையும் பாதிக்காது. உங்கம்மா பேரு கல்லுல ஏறிடும். குடும்பத்துலேர்ந்து ஒரு வாக்குமூலம் மட்டும் வேணும். அம்மாவுக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு."

"மரக்கடைச் சுவத்துல ஓட்டை இருந்துச்சா சார்?"

"ரெண்டு இருந்துச்சு."

"தப்பா கம்பத்துல மாட்டியிருந்தா, சுவத்துல எதுக்கு ஓட்டை?"

அவர் என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "அப்படியே உங்கம்மா வாய்."

"அந்த வில்லைய என்ன பண்ணுவீங்க?"

"இருக்க வேண்டிய எடத்துல மாட்டிடுவோம். மத்ததையும் சரிபாத்து வரைபடப்படி வெச்சிடுவோம். தவறு நடந்தா திருத்தணும்ல?" பிறகு மெதுவாக, "ஒரு வாரம் எடுத்துக்கோ. அவசரமில்ல. கல்லுல பேரு வர்றது சின்ன விஷயமில்லம்மா."

வெளியே வந்து முற்றத்தில் அந்தக் கல்லைப் பார்த்தேன். கீழே நாலு வரிக்கு இடம் இருந்தது.

எனக்கு அப்போது ஒரு வில்லையைப் பற்றித்தான் தெரியும். ஆனால் அதை யார் கழற்றினார்கள் என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ஏனென்றால் வழி சொல்லிக்கொடுத்தது நான்.

ஆறு வருடம் முன்பு ஒரு சாயங்காலம் அம்மா புதிய கைக்கருவியைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள். "பாருடி. நான் எங்க நிக்கிறேன்னு இது மேல இருக்கறவங்களுக்குப் போட்டுக் குடுக்குமாம்." எடைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கருவி என்றால் கை சும்மா இருக்காது. பின்மூடியைத் திறந்து பார்த்தேன்.

"இதுக்கு நீ எங்க நிக்கிறேன்னு தெரியாதும்மா. வில்லையோட நம்பரை மட்டும்தான் படிக்கும். அந்த நம்பர் எந்த எடம்னு அங்க ஒரு பட்டியல் வெச்சிருப்பாங்க. அவ்வளவுதான்."

"அப்ப வில்லை நடந்து வேற எடத்துக்குப் போச்சுன்னா?"

"போனாலும் தெரியாது."

"ஓகோ" என்றாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒரு கிராம் தப்பினா நீ தராசுக்கு சீல் வெச்சிடறே. எங்க ஊரு வரைபடமே தப்பா இருக்கு. அதுக்கு யாருடி சீல் வெக்கிறது?"

அடுத்த வாரம் என்னிடமிருந்த நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டாள். கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அது திரும்பி வரவில்லை. வேறு வாங்கிக்கொண்டேன்.

நான் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை 8:52-க்கு அவள் மரக்கடை வாசலில் நின்றிருப்பாள். வளைவில் பதிமூன்று பிள்ளைகள் மட்டும் நின்றிருப்பார்கள். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டேன். அம்மா இதற்கு என்ன விடை எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். மறுபடி போடுவதில்லை.

அளவு நாடாவையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு டிரைவர் மாமாவிடம் போனேன். ரோந்து வண்டி ஓட்டும் காவலர். அம்மாவோடு பதினான்கு வருடம் ஒரே வண்டியில் போனவர். அம்மா அவருக்கு அக்கா, அதனால் அவர் எனக்கு மாமா. விபத்து நடந்தபோது சாலைக்கு எதிர்ப்பக்கம் வண்டியில் இருந்தார்.  

"மொத்தம் எத்தன மாமா?"

"ஏழு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ரோந்துப் பிரிவு மொத்தத்துக்கும். மூணு ஷிப்டு, ஒன்பது பேரு. பின்ன? பழைய எடத்துல போய் நின்னா வில்லை இருக்காது. தேடிப் புடிச்சாத்தானே தொட முடியும்? ஒவ்வொரு தடவையும் அக்கா வந்து, 'டேய், பதினொண்ணு காலாற நடந்து போயிருக்கு. தேடிக்கோங்க'ம்பாங்க. முதல் தடவை ஒரு மணி நேரம் தேடினோம். அப்புறம் பழகிடுச்சு."

"முறையா எழுதிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டாங்க. மூணு தடவை. புது பாயிண்ட் வேணும்னா அந்த எடத்துல இருக்கறவங்க பேரு போட்டு மனு எழுதணுமாம். அங்க ஒரு குற்றம் பதிவாயிருக்கணுமாம். 'அடி விழுந்தப்புறம்தான் காவலுக்கு ஆள் விடுவீங்களா'ன்னு அக்கா கேட்டாங்க. கோப்புல வெச்சிருக்கோம்னாங்க. இன்னும் அங்கதான் இருக்கு, நல்ல தூக்கம்."

முதலில் மரக்கடைக்குப் போனோம். இரண்டு ஓட்டைகள், அவற்றில் மரத்தூள் அடைத்திருந்தது. பிறகு வளைவு. விளக்குக் கம்பத்தில் தரையிலிருந்து ஒன்று புள்ளி நாலு மீட்டர் உயரத்தில் வில்லை. எழுதிக்கொண்டேன். கீழே சாலையை நான் பார்க்கவில்லை. மாமாவும் பார்க்கவில்லை.

சிமெண்ட் வியாபாரியின் வாசலில் இருந்தது ஆயத்த ஆடை ஆலையின் பின்வாசலுக்குப் போயிருந்தது. மாலை ஐந்தரைக்கு அந்த வாசல் வழியே நானூறு பெண்கள் வெளியே வருவார்கள். எதிரே பைக்கில் ஒரு கூட்டம் வரிசை கட்டி நிற்கும். கூட வா என்பது, துப்பட்டாவை இழுப்பது. வாசலில் உட்காரும் காவல்காரப் பெண்மணி எங்களைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"ரோந்தம்மா பொண்ணா நீ? மூக்கு அப்படியே இருக்கு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கம்மா வருவா. இந்தச் சனியன வெச்சு பீப்புன்னு ஒரு சத்தம் குடுப்பா. அப்புறம் அவனுங்க பைக்கு மேலேயே ஏறி உக்காந்துக்குவா. 'நல்ல சீட்டுடா, எங்க வாங்கினே'ம்பா. கால் மணி நேரம் எறங்க மாட்டா. என்ன பண்ணுவானுங்க? போலீஸ் உக்காந்த பைக்க ஓட்டிக்கிட்டா போக முடியும்? பதினஞ்சு நாள்ல ஒருத்தனையும் காணோம். கேஸும் இல்ல, அடியும் இல்ல."

"அதுக்கு வில்லை எதுக்கு? சும்மாவே வந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

மாமா பதில் சொன்னார். "சும்மா வந்தா, மரக்கடையத் தொட நேரமிருக்காது. தொடலேன்னா தலைமையகத்துலேர்ந்து போன். ஏன் தொடல, எங்க போனே, எழுதிக் குடு. ஒரு நாளைக்கி ஒருத்தரால எத்தன எடத்துல நிக்க முடியும்? அக்கா நேரத்தத் திருடல. எடத்த மாத்தினாங்க."

எல்லாமே சரியாக நடந்தன என்று எழுதினால் அது பொய். இந்த ஏழுக்கு முன்னால் ஒன்றை அம்மா தவறாக மாற்றினாள். சைக்கிள் கடை வாசலில் இருந்ததைக் கழற்றிப் பூங்காவில் மாட்டினாள். பத்தாவது நாள் சைக்கிள் கடைப் பூட்டை உடைத்து நாலு சைக்கிள்களைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கடைக்கும் போனேன். கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் சக்கரத்தை நிறுத்தினார்.

"அன்னிக்கிக் காலையில வந்தாங்க. 'உங்க கடைக்குக் காவலா இருந்தத நான்தான் எடுத்தேன். தப்பு என்னுது'ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோபம். ஒரு மணி நேரம் திட்டினேன், தெருவே கூடிடுச்சு. நின்னு வாங்கிக்கிட்டாங்க. முடிச்சிட்டேனான்னு கேட்டாங்க. முடிச்சிட்டேன்னேன். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர எடுத்து வில்லையத் திருப்பி மாட்டினாங்க." தலையை ஆட்டினார். "என்னோட அறுபது வயசுல, என்கிட்ட திட்டு வாங்கின போலீஸ் அவங்க ஒருத்தங்கதான். நீ எழுது, நான் கையெழுத்துப் போடறேன். திட்டினதையும் எழுது."

எழுதினேன்.

ஒன்பதாம் வில்லை ஓய்வு பெற்ற அதிகாரியின் பூட்டிய வீட்டு வாசலில் இருந்திருக்க வேண்டியது. ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், படிக்கட்டுக் கைப்பிடியின் அடியில் இருந்தது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். எதிரே ஒரு வீட்டுக் கதவு. மாமா இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார்.

"இந்த வீட்டுல அந்தம்மாவ அவ புருஷன் அடிப்பான். சத்தம் வெளிய வராம அடிக்கத் தெரிஞ்சவன். கீழ் வீட்டுக்காரங்க அக்காகிட்ட காதோட காதா சொன்னாங்க. மனு எழுத ஆள் இல்ல. அக்கா தினமும் மணி அடிச்சு ஒரு தம்ளர் தண்ணி கேப்பாங்க. கைய, முகத்தப் பாத்துட்டு வந்துடுவாங்க. ஒருநாள் அவனே கதவத் தொறந்தான். 'எதுக்கு தினமும் இங்க வர்றீங்க?'ன்னு ஒரே கத்து. அக்கா வில்லையக் காட்டினாங்க. 'நான் என்ன சார் பண்ணட்டும்? இங்க பாயிண்ட் வெச்சிருக்காங்க. தொடலேன்னா என் வேலை போயிடும். இதே நேரம்னு இல்ல, எப்ப வேணா வருவோம், மூணு ஷிப்டும் வரும். மேலிடத்து உத்தரவு'ன்னாங்க. அவனும் குனிஞ்சு பாத்தான். கவர்மெண்டு வில்லைதான். என்ன பேசுவான்?"

மணி அடித்தேன். அந்தப் பெண் சங்கிலி போட்டபடியே கதவைத் திறந்தாள். அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தண்ணி கேப்பாங்க, குடுப்பேன். அவ்வளவுதான்."

"சரிங்க. சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

கதவு முக்கால்வாசி மூடியது. நின்றது.

"அத எடுத்துருவாங்களா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

 இதெல்லாம் முடிந்த பிறகு அவள் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று எனக்கும் மாமாவுக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

வண்டியில் மாமாவிடம் சொன்னேன். "உண்மைய எழுதினா உங்க ஒன்பது பேருக்கும் சிக்கல் மாமா. தெரிஞ்சேதான் தொட்டிருக்கீங்க."

"காண்ட்ராக்டர் தப்புன்னு எழுதினா?"

"அம்மா பேரு கல்லுல வரும். ஏழும் பழைய எடத்துக்குப் போயிடும்."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். "உங்கம்மாவுக்கு மரக்கடை வாசல்ல செல வெச்ச மாதிரி இருக்கும்" என்றார். "எழுது. நாங்களும் போடறோம்."

ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனித் தாள். எங்கே இருந்தது, எங்கே போனது, எவ்வளவு தூரம், எப்போது, ஏன். அந்தந்த இடத்துக்காரர்களின் வாக்குமூலம். கீழே ரோந்துப் பிரிவின் ஒன்பது கையெழுத்துகள். ஒன்பதாம் வில்லையின் தாளில் மட்டும் 'ஏன்' என்ற இடத்தைக் காலியாக விட்டேன். முதல் தாளில் ஒரே வரி: இந்த வில்லைகளை என் தாய் தெரிந்தே, தன் கையால், பகலில் இடம் மாற்றினார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் படித்தார். நாற்பது நிமிடம். கண்ணாடியை ஒருமுறைகூடத் துடைக்கவில்லை.

"இவ்வளவு விவரமா எழுதி உங்கம்மாவ நீயே குற்றவாளி ஆக்கிட்டியே."

"செஞ்சது அவங்க சார். நான் அளந்தேன்."

"கல்லுல பேரு வராது. புரியுதுல்ல?"

"புரியுது."

"உங்கம்மாவுக்கு அந்த மரியாதை வேணாமா?"

"அந்தக் கல்லுக்கு முன்னாடி இருபத்தாறு வருஷம் வண்டி நிறுத்தினாங்க சார். ஒருநாள் என்னையும் கூட்டிட்டு வந்தாங்க. படிச்சுப் பாத்துட்டு, 'பேரு இருக்கு, தேதி இருக்கு. எங்க நின்னாங்கன்னு மட்டும் இல்லியே'ன்னாங்க. அம்மா எங்க நின்னாங்கன்னு நீங்க பொய்யா எழுதச் சொல்றீங்க."

"நான் உனக்கு நல்லது செய்யத்தான் சொன்னேன்."

"தெரியும் சார். வேணாம்."

அவர் தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தினார்.

"ஒன்பதுக்குக் காரணம் எழுதல."

"எழுதமாட்டேன்."

"எந்த வீடு? பேராவது சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"மத்தது எல்லாத்துக்கும் சாட்சி குடுத்திருக்கே. இதுக்கு மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்றது? விசாரணைக்கு ஆள் அனுப்பிக் கேப்பேன்."

"அனுப்பினா அந்த வீட்டுல யாரு கதவத் தொறப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்புறம் அங்க என்ன நடக்கும்னும் தெரியாது. அத அம்மா அஞ்சு வருஷம் பாத்துக்கிட்டாங்க. நீங்க ஒரே நாள்ல கெடுத்துடாதீங்க."

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. கேட்கவுமில்லை.

அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "வரைபடப்படி ஒன்பது எங்க இருக்கணும்?"

"ஓய்வு பெற்ற அதிகாரி வீட்டு வாசல்ல."

"பூட்டியிருக்கற வீடா?"

"ஏழு வருஷமா."

தாளைக் கட்டிலிருந்து உருவினார். என் பக்கம் தள்ளினார். "காரணம் இல்லாத தாளை நான் வாங்க முடியாது. விதி அப்படி. எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்வரை அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டரே கையில் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம். மறைந்த தலைமைக் காவலர், ரோந்துப் பாயிண்டுகளுக்குரிய ஆறு வில்லைகளை, உரிய அனுமதியின்றி, வேண்டுமென்றே, பல்வேறு தேதிகளில் இடம் மாற்றியது உறுதியாகிறது. அவரது பெயர் நினைவுக் கல்லில் பொறிக்கப்படத் தகுதியற்றது. உடந்தையாக இருந்த ஒன்பது காவலர்களுக்கும் கண்டனம். பொதுமக்களின் மனுக்கள் இப்போது கிடைத்திருப்பதால் பள்ளிக்கூட வளைவு, ஆலைப் பின்வாசல் உட்பட நான்கு வில்லைகள் தற்போதுள்ள இடத்திலேயே நீடிக்கலாம். இரண்டு மட்டும் பழைய இடத்துக்கு மாற்றப்பட வேண்டும்.

இரண்டுக்கும் எண் போட்டிருந்தது. ஐந்து, இருபது. ஒன்பது என்ற எண் உத்தரவில் எங்குமே இல்லை.

"நிதானமா படிம்மா" என்றார் அவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. "எண்ணிக்கையில ஏதாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லிடு. கையெழுத்துப் போட்டப்புறம் திருத்த முடியாது."

மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு சார்."

"மேல்முறையீடு?"

"எதுக்கு? அம்மா செஞ்சதத்தானே எழுதியிருக்கீங்க. வேண்டுமென்றேன்னு."

கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். முற்றத்தில் டிரைவர் மாமா ரோந்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து இருக்கையில் புதிதாக ஒரு இளம் பெண் காவலர், மடியில் அம்மாவின் கைக்கருவி.

"எத்தனைன்னு போட்டிருக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஆறு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு கியரை மாற்றினார்.

"சரி, நேரமாச்சு" என்று அந்தப் பெண் காவலரிடம் சொன்னார். "மொதல்ல ஒன்பதத் தொடுவோம். மூணு மாடி ஏறணும், பரவாயில்லியா?"